மாடத்திலிருந்து வராத சொல்

வெனிஸ் சதுக்கத்தில் மழை விட்ட வெயில். கப்பல் பலகை இடுக்குகளில் தார் அடைக்கும் லுனார்தோ, "சம்மதம்!" என்று கத்துவதற்காக வாயைத் திறந்து வைத்திருக்கிறான். மாடத்தில் கிழட்டுப் பிரபு ஒருவர் கையை உயர்த்துகிறார். "இதோ, உங்கள் புதிய தலைவர்!" அடுத்து, "உங்களுக்குச் சம்மதமானால்" என்று வர வேண்டும், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வருகிற சொல். வரவில்லை. எக்காளம் ஊதிவிடுகிறார்கள். கூட்டமோ எதுவும் நடக்காததுபோலத் தொப்பிகளை வீசி ஆர்ப்பரிக்கிறது. "நம்மளக் கேக்கவே இல்லையேடி!" என்று பொருமுகிறான் லுனார்தோ. தார் படிந்த முஷ்டியை மாடத்தை நோக்கி ஆட்டுகிறான். அவன் மனைவி கத்தரூசா பொரித்த மத்தி மீனை மென்றபடி சிரிக்கிறாள். "கேட்டப்ப மட்டும் என்னிக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கியா?" "சொன்னதில்லதான். ஆனா சொல்லிடுவோமோன்னு ஒரு நொடி நம்ம மூஞ்சியப் பாப்பானுங்கள்ல? அந்த பயத்தையும் தொலைச்சுட்டானுங்களே!"