ஈர மண்

பேராசிரியர் மேடையில் சொல்லிவிட்டார்.

“நாங்க பிடிச்சது முதல் நட்சத்திரங்களோட சிக்னல் இல்லை. தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்.”

இரண்டு வருடமாக ஊர் ஊராக அதைப் பற்றித்தான் பேசியிருந்தார். பிரபஞ்சம் பிறந்து, நெடுங்காலம் இருண்டு கிடந்து, பிறகு முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய நேரம். அந்த நேரத்தின் தடம் தங்கள் ஆன்டெனாவில் பதிந்துவிட்டது என்றார். பத்திரிகைகள் அவர் படத்தைப் போட்டன. இன்று, அவர் படித்த பாளையங்கோட்டைக் கல்லூரியில் பாராட்டு விழா.

ஆன்டெனாவின் கீழே மண் ஈரமாக இருந்திருக்கிறது. ஈர மண் அலைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

அவ்வளவுதான்.

கல்லூரி முதல்வர் எழுந்து கைதட்டினார். பிறகு எல்லோரும்.

“இந்த நேர்மை யாருக்கு சார் வரும்?” என்று சால்வையைப் போர்த்தினார்.

பேராசிரியர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

முன்வரிசையில் ஜெசிந்தா இருந்தாள். அவருடைய ஆய்வு மாணவி.

போன வருடமே அவள் சொன்னாள். குழுக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும். “மழை பெஞ்சா மட்டும்தான் சார் அது நல்லாத் தெரியுது.”

“அப்போ பிரபஞ்சம் வானிலை அறிக்கை கேட்டுட்டா பிறந்துச்சு?” என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவள் கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. கோடையில், மண் வெடித்துக் கிடந்தபோது, ஆன்டெனா நிற்கும் மேட்டுக்குத் தண்ணீர் லாரியோடு போனாள். நிலம் ஊறும்வரை ஊற்றினாள். சிக்னலை அளந்தாள்.

முதல் நட்சத்திரங்கள் மறுபடி தோன்றின.

வரைபடத்தை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இன்று காலை ரயிலில், எதிர் இருக்கையில் இருந்த அவளிடம், “எல்லாத்தையும் சொல்லிடறேம்மா” என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்ததோ என்னவோ.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“தப்பைக் கண்டுபிடிச்சது யாரு சார்?”

பெயர் நாக்குவரை வந்தது.

பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். எப்போது சொன்னாள்? நீங்கள் என்ன சொன்னீர்கள்?

“நாங்களேதாம்மா,” என்றார். “அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கும்.”

கைதட்டல் முன்பைவிடப் பலமாக எழுந்தது.

சால்வைக்குள் கழுத்து வியர்த்தது. முன்வரிசைப் பக்கம் பார்வை போகாமல் பிடித்துவைத்தார். கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

பார்த்துவிட்டார்.

ஜெசிந்தாவும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அரங்கம் அடங்கிய பிறகும்.