நாலாம் தரப் பூட்டு

"நாலாம் தரமாம், நாலாம் தரம்! கோழிக்கூண்டுக்குக்கூட இதைவிட நல்ல பூட்டா போடுவாங்க!"

கிரயோவா நகரின் அந்த மூன்றாம் மாடி வாசலில் நின்று ஒக்தாவ் முழங்கியது படிக்கட்டு முழுவதும் கேட்டது. எழுபது வயதிலும் முதுகு வளையாத மனிதர். வீட்டுக்குள்கூடக் கோட்டின் பொத்தானைக் கழற்றியதில்லை.

பூட்டுக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்த ஸ்மரண்டா மண்டியிட்டு, நசுங்கிக் கிடந்த மின்பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை திருட்டில் போனது ஒன்றே ஒன்றுதான். நான்கு தலைமுறையாகப் படுக்கையறைச் சுவரில் இருந்த, வெள்ளித் தகடு போர்த்திய மாதா படம். கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று புகார் எழுதியவள் ஒக்தாவின் மனைவி வியோரிகா.

"ஐயா, நாலாம் தரம்னா கைதேர்ந்த திருடனே டிரில்லிங் மெஷினோட பத்து நிமிஷம் போராடணும். இங்க கோடாலியால நாலு அடிதான் விழுந்திருக்கு. தாழ்ல ஒரு கீறல்கூட இல்ல."

"அப்ப தரம் பொய். பூட்டு மட்டம்னு எழுதிட்டுக் கிளம்பும்மா."

"இதுக்குத் தரம் குடுத்த சோதனையில என் கையெழுத்து இருக்கு. அப்படி எழுத முடியாது." பூட்டின் உள்பக்கத்தைக் கழற்றி, தன் கருவியின் ஒயரைச் செருகினாள்.

"இவ்வளவு நொறுங்கினதுல, யார் எப்பத் திறந்தாங்கங்கிற பதிவு மட்டும் மிஞ்சியிருக்குமா, என்ன?"

"அது உள்பக்கம் பத்திரமா இருக்கு, ஐயா."

சமையலறையிலிருந்து வியோரிகாவின் குரல் வந்தது. "நல்லாப் பாரு பொண்ணே! எங்க பையன் மதேய் மட்டும் அன்னிக்கு இங்க இருந்திருந்தா திருடன் கையை உடைச்சிருப்பான். பாவம், புக்கரெஸ்டிலிருந்து போன்ல அழறான் பிள்ளை."

கருவியில் எழுத்துகள் ஓடின. ஸ்மரண்டா குரலைத் தாழ்த்தினாள்.

"மதியம் ரெண்டு பத்துக்குக் கைரேகை வச்சுத் திறந்திருக்காங்க. முதல் அடி விழுந்தது நாலரைக்கு."

ஒக்தாவ் விரைந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முதல் ரேகை உங்களுது. ரெண்டாவது அம்மாவுது. திறந்தது மூணாவது. அது யாரோடது, ஐயா?"

"மகனோடது." அந்த ஒரு சொல்லை அவர் துப்பினார்.

"வீட்டு மாதா படத்தைத் திருடினது போதாதுன்னு, ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்து, வெளியாள் வேலை மாதிரி உடைச்சும் வச்சிருக்கார், ஐயா. நல்ல பிள்ளை!"

அவர் அவளருகில் குனிந்தார்.

"மட்டம்னு எழுதும்மா. இந்தக் குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் யார்கிட்டயும் கெஞ்சினதில்ல."

"எழுத நான் யாரு, ஐயா? ஒயர் செருகினதுமே விவரம் கம்பெனிக்குப் போயாச்சு. புகார் குடுத்தவங்க பேருக்குத்தான் பதில் வரும். நாளைக்கு அம்மா கையில இருக்கும்."

சாத்திய கதவுக்குப் பின்னால் வியோரிகா காபிக் கோப்பைகளை அடுக்கும் ஓசை கேட்டது. ஒக்தாவ் அந்தக் கதவையே பார்த்தபடி சொன்னார்.

"அவன் திரும்பி வரலம்மா. உடைச்சது நான்."