பதினான்காம் மாடிச் சன்னல்

பதினான்காம் மாடிக்கு இறங்கி வந்ததும் கண்ணாடி துடைக்கும் தொங்குமேடை ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

அனிபால் அண்ணாந்து பார்த்தான். கம்பிகள் நன்றாகத்தான் இருந்தன. மோட்டார்தான் செத்திருந்தது. கீழே சாந்தோ தொமிங்கோவின் கடற்கரைச் சாலை எறும்பு வரிசை போல ஊர்ந்தது.

"போச்சுடா. சீக்கிரம் வரேன்னு பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்தேன்" என்றான் சாகோ. பத்து வருடமாகக் கூடவே கண்ணாடி துடைப்பவன். எதற்காவது முணுமுணுக்காவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது.

அனிபால் கைபேசியில் கீழேயிருந்த மேற்பார்வையாளரிடம் சொன்னான். மெக்கானிக் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்க நேரமாகும் என்றார்.

அப்போதுதான் சன்னலுக்குள் ஒரு பெரியவர் தெரிந்தார். எங்கோ கிளம்பியவர் போல இஸ்திரி போட்ட சட்டை. வெளியே இரண்டு பேர் தொங்குவதைக் கண்டு அவர் திடுக்கிடவில்லை. விருந்தாளிகள் வந்தது போல முகம் மலர்ந்தது.

புதுக் கட்டடத்துச் சன்னல் நான்கு விரற்கடைக்கு மேல் திறக்காது. அந்த இடைவெளி வழியே சின்னக் காகிதக் கோப்பைகளில் காப்பி வந்தது.

பெயர் ஃபாவுஸ்தோ. மகள் வாங்கிய வீடு. அவள் விடிந்ததும் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். மற்ற வீடுகளை வாங்கியவர்கள் நியூயார்க்கில் இருந்தார்கள், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவார்களாம்.

"வந்து இருபது நாளாச்சு தம்பி. லிஃப்ட்டுல ஒரு பொம்பளக் குரல் மாடி நம்பர் சொல்லும். என்கிட்ட பேசுறது அது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை மககிட்ட சொல்லிடப் போறேன், நமக்கு இது சரிப்படாதுன்னு."

சொல்லிவிட்டு உள்ளே போனவர் ஒரு மரப்பெட்டியோடு திரும்பினார். உள்ளே டோமினோ, புள்ளி போட்ட ஆட்டக்காய்கள்.

சன்னல் விளிம்பே மேசையானது. வெளியிலிருந்து இரண்டு கைகள் உள்ளே நீண்டன. இரட்டை ஆறு போட்ட காயை முதலில் வைத்தவர் பெரியவர். வைத்த வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

முதல் ஆட்டம் அவருக்கு. இரண்டாவதும் அவருக்கு.

"இவ்வளவு உசரத்துல தொங்கிக்கிட்டு வந்து தோத்துட்டுப் போறீங்களே தம்பி" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"காத்து அடிக்குது, காய் சரியாத் தெரியல. இதுல வேலை வேற போகப் போகுது" என்று முணுமுணுத்தபடியே சாகோ அடுத்த காயை வைத்தான்.

ஐந்தாவது ஆட்டத்தில் அனிபால் ஜெயித்தான். பெரியவர் அதை ஒப்புக்கொள்ளாமல் காய்களை மறுபடி எண்ணினார்.

கைபேசி அடித்தது.

"மோட்டாரைச் சரி பண்ணி ஒரு மணி நேரமாச்சு. பச்சை விளக்கு எரியும் பாரு. ஏன்டா இன்னும் இறங்கல?" என்றது கீழிருந்து மேற்பார்வையாளரின் குரல்.

அனிபால் திரும்பி, மேடையின் ஓரத்திலிருந்த மோட்டார் சுவிட்சுப் பெட்டியைப் பார்த்தான். அதன் மேல் ஈரத்துணி ஒன்று நான்கு மடிப்பாகப் போர்த்தியிருந்தது. சாகோவின் துணி. நுனியைத் தூக்கினான். உள்ளே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாகோ தலை நிமிரவில்லை. கையிலிருந்த காய்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அனிபால் துணியை இருந்தபடியே விட்டான்.

"விளக்கு எதுவும் தெரியலயே" என்று கைபேசியில் சொல்லிவிட்டு, காய்களைக் கலைக்கச் சன்னலுக்குள் கையை நீட்டினான்.