வான்கோழிக்கு ஒரு நன்றிக் கவிதை

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் குழல்விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிகிறது. நாளை, வீடுதோறும் வான்கோழி சுட்டு விருந்துண்ணும் நன்றித் திருநாள். கொடுக்க வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். வாங்க வந்தவர்களில் ஒருவர் நன்றிக் கவிதை வாசித்த பிறகுதான் இங்கே உணவு கொடுப்பார்கள். அந்தக் கவிதைகளைத் திருத்திக் கொடுக்கும் கவிஞன் நான். என் புத்தகங்களை யாரும் வாங்காத புண்ணியத்தில் வாங்குவோர் வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு. இன்று வாசிக்கப்போகிற மார்வா, மகள் டெலியாவுடன் காரிலேயே குடியிருப்பவள். தாளை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள்.

"கவிஞரே, இந்தக் கடைசி வரி இருக்கட்டுமா? 'வான்கோழிக்கு நன்றி, ஆனால் எங்கள் காரில் அடுப்பு இல்லை.'"

"அடிச்சிடு. முன்வரிசை மூஞ்சி சுருங்கிடும்."

"புள்ள நேத்துலேர்ந்து சாப்பிடல. ரெண்டு ரொட்டி கேட்டா குத்தமா?"

"நீ வாசிச்சு முடி, நான் தனியாப் போய்க் கேக்குறேன்."

"உன் வாய்க்கே ரொட்டி வாங்கத் துப்பில்ல, என் புள்ளைக்கு வாங்கித் தரப் போறியாக்கும்!"

சொல்லிவிட்டு மேடையேறுகிறாள். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கிறாள். ஒரு சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நான் ஓடிப்போய்ப் பொறுப்பாளரிடம் ரொட்டி கேட்கிறேன். "இந்த வருஷம் எல்லாருக்கும் வான்கோழிதான்" என்று சிரிக்கிறார். கல்லாய் உறைந்த பறவையை மார்வாவின் கைகளில் வைக்கிறார்கள். கைதட்டல் ஓயவில்லை. டெலியா எக்கி நின்று, அதன் உறைமேல் படிந்திருக்கும் பனியை நக்குகிறாள்.