கம்பெனியின் வாய்

சட்டப்படி கம்பெனியும் ஒரு மனிதர் என்றால் அது நேரில் வந்து கூண்டில் நிற்கட்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. எண்ணெய்க் கம்பெனி தன் உடம்பாக நிற்கத் தேசிங்கைச் சம்பளத்துக்கு எடுத்தது. வடசென்னையில் அதன் சுத்திகரிப்பு ஆலைக்குப் பின்னால் குடியிருப்பவன் அவன்.

கடல் கடந்த நாடொன்றில் கம்பெனியின் எண்ணெய் வயலை ஒட்டிய ஊரிலிருந்து வழக்காட வந்திருந்தவள், தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். அதைக் குடித்துத்தான் அவள் பிள்ளைகள் இரண்டும் செத்தன.

"கம்பெனி இதைக் குடிக்கட்டும்," என்றாள் மொழிபெயர்ப்பாளர் மூலமாக.

தேசிங்கு ஒரே மடக்கில் குடித்தான்.

"எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லணும்," என்றார் நீதிபதி.

"எங்க ஊட்டுத் தண்ணி மாதிரிதான் கீது சார்."

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். "கம்பெனி தன் வீட்டில் குடிப்பதைத்தான் இவர்களுக்கும் கொடுத்திருக்கிறது."

வழக்கு தள்ளுபடியானது. அந்தப் பெண் காறித் துப்பினாள். எச்சில் தேசிங்கின் சட்டையில் வழிந்தது. துடைக்கக் கூடாது என்பது வேலை விதி.

வீட்டில் அவன் மனைவி அஞ்சலை சட்டையைப் பார்த்தாள். "இன்னிக்கும் துப்பிட்டாங்களா? போய்த் தொலையுது, இத்தக் குடி," என்று குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள்.

ஒரு வாய் உறிஞ்சியவன் விழுங்க முடியாமல் வாசலில் போய்த் துப்பினான்.

"நல்ல தண்ணிய ஏன்யா துப்புற?" என்று கேட்டபடியே, சொம்பில் மிச்சமிருந்ததை அவள் குழந்தைக்குப் புகட்டினாள்.