தண்ணியே படாத வண்டி

நுகர்வோர் நீதிமன்றத்தின் முற்றத்தில் அந்தப் பழைய வெள்ளைக் கார் நிற்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்து மினுக்கித் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டிருக்கும் தையல்காரி, சுவரோரம் தங்கையுடன் நிற்கிறாள். பழுது பார்த்துத் தரச் சொல்லலாம், வேறு வண்டி கேட்கலாம், கொடுத்த பணத்தையே திருப்பிக் கேட்கலாம் என்று வக்கீல் சொன்ன வழிகளெல்லாம் வெயிலில் அவள் தலைக்குள் சுற்றுகின்றன. "தண்ணியே படாத வண்டிங்கம்மா," என்கிறார் வியாபாரி, விற்ற அன்று சொன்ன அதே தேனொழுகும் குரலில். வண்டியை நேரில் பார்க்க இறங்கி வந்திருக்கும் நீதிபதி, கறுப்பு அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒட்டியிருக்கும் விரிப்பின் ஓரத்தை மெல்ல உரிக்கிறார். மண்வாடை குப்பென்று எழுகிறது. ஈரம் காயாத வண்டலின் நடுவே, வெளிச்சமே காணாமல் வெளுத்துப்போன ஒரு முளை, இலைகளை இன்னும் விரிக்காமல், கழுத்து வளைந்து நிற்கிறது. தையல்காரிக்கு இத்தனை மாதக் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் திட்டித் திட்டிச் சாவியைத் திருகிய காலைகளிலெல்லாம், இந்த இருட்டுக்குள் இது வளர்ந்துகொண்டா இருந்தது? "அக்கா, உசுரோட இருக்கு," என்கிறாள் தங்கை, குழந்தை தூங்கும் அறையில் பேசுவதுபோல. வியாபாரி கைக்குட்டையைத் தேடுகிறார். நீதிபதி விரிப்பை மூடவில்லை. வெயில் உள்ளே விழும்படி கதவை இன்னும் அகலத் திறந்துவைக்கிறார். பிறகு வாசல் காவலரைப் பார்த்துச் சொல்கிறார்: "தீர்ப்பு வர்ற வரைக்கும் சாட்சிக்குத் தினம் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."