பேட்டரி சொன்ன சாட்சி

"உம் தானா, இந்தப் போனை யாரோ தினமும் வறுத்தெடுக்கிறாங்க" என்றான் போன் ரிப்பேர் கடைக்காரன் கஸ்ஸான். மகள் தானாவின் அம்மா என்று லுல்வாவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மேசையில் கிடந்தது லுல்வாவின் கணவர் மிஷாரியின் போன். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காலையில் நூறு காட்டும், மதியத் தொழுகைக்குள் மூச்சை விட்டுவிடும். அவர் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது புது பேட்டரி போட்டுவந்து அசத்தலாம் என்று லுல்வா தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"யாரு வறுக்கிறது? நாங்க வீட்டுல ஒயரைச் சொருகித்தானே சார்ஜ் பண்றோம்?"

"ஒயர் இல்ல, மேல வச்சாலே சார்ஜ் ஏறுதே, அந்தத் தட்டு. உறைக்குப் பின்னால வட்டமா தடம் பாருங்க. எப்பவாவது வச்சா தப்பில்ல. இது தினமும் சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஒன்பது வரைக்கும் கிடக்குது. நூறு ஆன பிறகும் சூட்டுலயே கிடக்குது. போனே பதிவு பண்ணி வச்சிருக்கு. நாலு மணி நேரமும் யாரும் திரையைத் தொடவே இல்ல. பேட்டரி பாதி செத்தாச்சு."

வழக்கமாக இதை அவன் மூன்று தடவை விளக்க வேண்டியிருக்கும். லுல்வாவுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. முகம்தான் வெளுத்துப்போனது.

ஐந்திலிருந்து ஒன்பது வரை மிஷாரி, நண்பர் பூ நவாஃபின் வீட்டில் ஆண்கள் கூடும் திவானியாவில் சீட்டாடிக்கொண்டிருப்பார். போன் வரைபடம் அப்படித்தான் காட்டும். அது மகள் தானாவின் ஏற்பாடு. அவள் டாக்டர். அப்பா, அம்மா இரண்டு பேருக்குமே சர்க்கரை. போன வருடம் மிஷாரி காரில் மயங்கிக் கிடந்தது யாருக்கும் தெரியாமல் போனதிலிருந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று மூன்று பேருக்கும் தெரிகிற மாதிரி செய்துவிட்டாள்.

குளியலறைக்குக்கூட போனோடு போகிற மனுஷர் நாலு மணி நேரம் அதைத் தொடாமல் இருப்பாரா? போன் திவானியாவின் சார்ஜ் தட்டில் இருக்கிறது. ஆள் வேறெங்கோ இருக்கிறார்.

"உங்க போனையும் குடுங்க, பார்த்துடுறேன்" என்றான் கஸ்ஸான்.

"இது நல்லாத்தான் இருக்கு" என்று லுல்வா அதைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

நேராக அக்கா சபீகா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதாள். "ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டாருக்கா. வேற என்ன?"

"அந்த முட்டிவலிக்காரருக்கா? எவடி கழுத்தை நீட்டுவா?"

"ஆறு மாசமா வீட்டுக்கு வரும்போது அத்தர் வாசனை மூக்கைத் துளைக்குது. எனக்கா அத்தர் பூசிட்டு வர்றார்? இருபத்தெட்டு வருஷம்க்கா. இது மட்டும் நிஜமா இருந்தா, அந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்."

சபீகாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் புதன்கிழமை. வரைபடத்தை மிஷாரியும்தான் பார்ப்பார். அதனால் லுல்வா தன் போனை அக்கா வீட்டுக் கூடத்துச் சார்ஜ் தட்டில், எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். கார்ச் சாவியைக் கேட்பதற்குள் சபீகா நீட்டினாள்.

ஐந்தேகாலுக்கு மிஷாரி திவானியாவிலிருந்து வெளியே வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வெறுங்கையோடு காரில் ஏறினார். லுல்வா பின்தொடர்ந்தாள்.

சால்மியா கடற்கரைப் பக்கம் ஒரு பலகாரக் கடை முன்னால் கார் நின்றது. லுல்வாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த மனுஷருக்கு ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா?

மிஷாரி மாடிப்படி ஏறினார். மாடியில் குடும்பங்களுக்கென்று திரை போட்ட அறைகள். தனியாக வருகிற ஆணைப் படியிலேயே மறித்துவிடுவார்கள். மிஷாரியை யாரும் மறிக்கவில்லை. அப்படியென்றால் உள்ளே ஒருத்தி இருக்கிறாள்.

கால் செருப்பில் நிற்காமல் லுல்வா மேலே ஓடினாள். மூன்றாவது அறையிலிருந்து கணவரின் பெருமூச்சு கேட்டது. சுகமான பெருமூச்சு. அவ்வளவுதான், திரையைப் பிடுங்காத குறையாக விலக்கினாள்.

"எங்க அவ?"

"எவ?" என்றார் மிஷாரி, வாய் நிறைய குனாஃபா இனிப்போடு. தாடியிலிருந்து பாகு சொட்டியது. மேசைக்கடியில்கூட யாரும் இல்லை. லுல்வா குனிந்தே பார்த்துவிட்டாள்.

"தானாகிட்ட சொல்லிடாத, லுல்வா. வரைபடத்துல இந்தக் கடை தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா. அதான் போனை அங்க தட்டுல வச்சுட்டு வர்றேன்."

"நாலு மணி நேரமா தின்பீங்க?"

"தின்னது கரையணும்ல? ஒன்பது வரைக்கும் கடற்கரையில நடக்கிறேன்."

"அத்தர்?"

"நெய் வாசனை போகத்தான்."

"தனி ஆம்பளைய எப்படி மாடிக்கு விட்டான்?"

"வீட்டம்மா பின்னால வர்றாங்கன்னு தினமும் சொல்வேன். இன்னிக்கு நிஜமாவே வந்துட்ட."

லுல்வாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து பொங்கின. இன்னொருத்தி இல்லை. இருபத்தெட்டு வருடமும் பத்திரமாக இருந்தது. அந்தக் கடையின் நடுவில் நின்று குலவையிடலாம் போல இருந்தது. ஆனால் குற்றவாளியை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியுமா? இடுப்பில் கை வைத்தாள்.

"சர்க்கரையை வச்சுக்கிட்டு இப்படியா? வெக்கமா இல்ல? என்னைப் பாருங்க. ஒரு வருஷமா நாக்கைக் கட்டிப்போட்டு வாழறேன்."

மிஷாரி தலையைக் குனிந்துகொண்டார்.

பரிமாறுகிற ஷுக்ரி திரைக்குள் தலையை நீட்டி, "அடடே, நீங்க செவ்வாயும் சனியும் காலையிலதானேம்மா வருவீங்க, இன்னிக்கு வந்திருக்கீங்க? சரி, எப்பவும் போல பாகு ரெண்டு மடங்கா ஊத்திடவா?" என்றான்.